காட்டுக்குப் போகாத காட்டிலாகா

மனிதர்களில் ஒரு வகை உண்டு. பார்வைக்கு நம்மைப் போலவேதான் இருப்பார்கள். சட்டை போடுவார்கள், சளி பிடித்தால் தும்முவார்கள், பேருந்தில் ஜன்னலோர இருக்கைக்கு முண்டியடிப்பார்கள். சந்தேகமே வராது. ஆனால் அவர்களிடம் போய், "இன்னைக்கு என்னா வெயிலு!" என்று வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

"வெயில்னு சொன்னீங்க பாருங்க, நீர்யானைக்குத் தோல்லேர்ந்து சிவப்பா ஒண்ணு கசியும். பாத்தா ரத்தம் மாதிரி இருக்கும். ஆனா ரத்தமும் இல்ல, வேர்வையும் இல்ல. வெயில் படாம இருக்க அதுவே பூசிக்கிற களிம்பு. தெரியுமா?"

முடிந்தது. நீங்கள் அகப்பட்டுக்கொண்டீர்கள்.

குயிலைக் குரலை வைத்துக் கண்டுபிடிப்பது போல இந்த இனத்தை "தெரியுமா?" என்ற கூவலை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அது கேள்வி என்று நினைத்துப் பதில் சொல்லத் தொடங்கினால் நீங்கள் புதியவர் என்று அர்த்தம். "தெரியாது" என்றால் விளக்குவார். "தெரியும்" என்றால், உங்களுக்குத் தெரிந்தது பாதிதான் என்ற இரக்கத்தோடு இன்னும் நீளமாக விளக்குவார். பேசாமல் இருந்தால்? ஆர்வத்தில் வாயடைத்துப் போய்விட்டீர்கள் என்று முடிவு கட்டி, முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இவர்கள் எங்கே வாழ்கிறார்கள்? எதிராளி ஓட முடியாத இடங்களில். முடிதிருத்தும் கடையில், பக்கத்து நாற்காலிக்காரரின் முகத்தில் சோப்பு நுரை ஏறியபிறகு. இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிப்டுக்குள். ஏணி உச்சியில் ஒரு கையில் பல்பும் ஒரு கையில் உயிருமாக ஒருவர் தொங்கிக்கொண்டிருக்கும்போது கீழே ஏணியைப் பிடித்துக்கொள்கிற பொறுப்பில். எதைத் தின்கிறார்கள்? தொலைக்காட்சியில் வரும் விலங்கு நிகழ்ச்சிகளை, கைப்பேசியில் வரும் மூன்று நிமிடப் படங்களை, வாரப் பத்திரிகையில் விளம்பரம் கிடைக்காத மூலையில் போடுகிற துணுக்குகளை. எல்லா விலங்கும் இவர்களுக்கு ஒன்றா என்றால் அதுவும் இல்லை. எறும்பு, பல்லி, கரப்பான்பூச்சி எல்லாம் மரியாதைக் குறைவு. ஆளைவிடப் பெரிதாக, ஆளைவிட விநோதமாக, மூக்கோ நாக்கோ கழுத்தோ கடவுள் கொஞ்சம் யோசிக்காமல் செய்துவிட்ட மாதிரி இருந்தால்தான் ஏறெடுத்துப் பார்ப்பார்கள்.

இவர்களில் யாராவது காட்டுக்குப் போயிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எங்கள் அண்ணன் கொசு கடிக்கும் என்று பூங்காவுக்கே போகமாட்டார்.

எங்கள் அண்ணன் என்றால், நான் வேலை பார்க்கும் கடையில் எனக்கு மூத்தவர். குழாய், வாஷ்பேசின், தரைக்கல், தண்ணீர் மோட்டார் எல்லாம் விற்கிற இரண்டு மாடிக் கடை அது. எனக்குத் தரைக்கல் பிரிவு. அவருக்கு மோட்டாரும் வால்வும். இரண்டு பிரிவுக்கும் நடுவில் இருப்பது ஷவர் குழாய்கள் தொங்குகிற ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டுமே என்பதால், அவர் பேசுவதில் ஒரு எழுத்துகூட எனக்குத் தப்பாது. சரக்கு வண்டி ஓட்டுகிறவர் வைத்த பெயர்தான் 'காட்டிலாகா'. அண்ணன் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார், கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. அதுவும் இந்த இனத்தின் ஒரு லட்சணம்.

அவர் வியாபாரம் செய்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாவம் ஒரு மனிதர், வீட்டு மூன்றாவது மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை, காலையில் பல் துலக்கவே தகராறு என்று நொந்துபோய் வருவார்.

"மூணாவது மாடியா? அதெல்லாம் ஒரு உயரமாங்க? ஒட்டகச்சிவிங்கியை எடுத்துக்குங்க."

"இல்லீங்க, எனக்கு மோட்டார்தான் வேணும்."

"அதைத்தானே சொல்றேன்! அதுக்கு நெஞ்சுலேர்ந்து மூளைக்கு ரத்தம் எவ்வளவு தூரம் ஏறணும்? அதுக்காகவே இதயம் பதினோரு கிலோ கனம். நம்மளைவிட ரெண்டு மடங்கு அழுத்தம். சரி, ஏத்தியாச்சு. இப்போ அது தண்ணி குடிக்கக் குனியுது. ஏத்தின ரத்தம் அத்தனையும் மண்டைக்குள்ள தடதடன்னு இறங்கணுமா இல்லையா? இறங்காது! கழுத்து நரம்புல அங்கங்க வால்வு. ஒரே பக்கம்தான் திறக்கும். தெரியுமா? அதே தத்துவம்தான் இதோ, இந்தப் பித்தளை வால்வு."

வந்தவர் மோட்டாரையும் வால்வையும் வாங்கிக்கொண்டு, கழுத்தைத் தடவியபடி போவார். ஆகவே முதலாளி ஒன்றும் சொல்வதில்லை. விற்பனை ஆகிறது அல்லவா?

கடைக்கு வெளியேதான் கஷ்டம். முதலாளியின் அக்கா மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மூக்கு கொஞ்சம் தாராளம். எல்லோரும் பார்த்தும் பாராததுமாகக் கைகுலுக்கிவிட்டு இறங்குகிறோம். அண்ணன் மட்டும் மேடையில் நின்று, புகைப்படக்காரர் தலையைச் சாய்க்கச் சொல்வதைக்கூடக் காதில் வாங்காமல், கடல்யானை என்று ஒரு பிராணி இருப்பதையும், அதில் ஆணுக்கு மட்டும் மூக்கு பெரிதாகத் தொங்குவதையும், அதை ஊதி அது போடுகிற சத்தத்தில் மற்ற ஆண்கள் எல்லாம் ஓடிப்போவதையும், கடைசியில் மூக்கு பெரிதானவனுக்கே கடற்கரை முழுக்கச் சொந்தமாவதையும் மாப்பிள்ளைக்கு எடுத்துச் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். அந்தப் படத்தில் மாப்பிள்ளை இன்றுவரை அழுதுகொண்டுதான் இருக்கிறார். மணப்பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிப்பட்டவரோடு வீட்டில் ஒருத்தி எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது.

அண்ணி வீட்டிலேயே ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுக்கிறவர். கூடத்தில் தையல் எந்திரம், அதன் வலப்பக்கம் துணி மலை, இடப்பக்கம் ஒரு மரச் சாய்வு நாற்காலி. சாய்வு நாற்காலியில் அண்ணன். கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் அதில் சாய்ந்து, அன்று கற்ற விலங்கை அன்றே இறக்கி வைத்துவிடுவார். கல்யாணமான புதிதில் அண்ணி, "கொஞ்சம் சும்மா இருங்களேன், மடிப்பு எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அப்புறம் அப்புறம் அது குறைந்தது. சமீப காலமாக அடியோடு நின்றேபோனது. காண்டாமிருகத்தின் கொம்பு எலும்பே இல்லை, நம் நகம் எதனால் ஆனதோ அதேதான் என்று அவர் அரைமணி நேரம் பேசினாலும், அண்ணி சாந்தமாகத் தைத்துக்கொண்டே, அவர் கை அசைவது நின்ற இடத்தில் அழகாக ஒரு "ம்ம்" போடுவார். கூடவே ஒரு புன்னகை.

கடையில் எங்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். வாய்த்தால் இப்படி வாய்க்க வேண்டும்!

அண்ணனுக்கும் பெருமை தாங்கவில்லை. "ஆரம்பத்துல உங்க அண்ணிக்கு இதுல அவ்வளவா பிடிப்பு இல்லப்பா. இப்போ பாரு, ஒரு வார்த்தை குறுக்கே பேசமாட்டா. அறிவு வளர வளர அடக்கம் தானா வருது."

இப்படி அவர் சொல்லிக் கொஞ்ச நாளில்தான் அது நடந்தது.

ஒரு விடுமுறை நாள். அண்ணி தைத்த திரைகளை எதிர்ச்சாரியில் இருக்கும் ஒரு பல் மருத்துவரின் வீட்டில் மாட்டிவிட்டு வர வேண்டும். கம்பிகளைத் தூக்க நான். ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அண்ணன். திரை மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அண்ணி முன்னால் நடக்கிறார். சாலையோரம் வந்ததும் அண்ணன் நின்றுவிட்டார். நடந்துகொண்டே பேசுவது அவருக்குப் பிடிக்காது. விஷயத்தின் மதிப்பு குறைந்துவிடுமாம்.

"இந்தத் தரை இப்போ அதிருது பாரு. நமக்கு இது வெறும் அதிர்வு. யானைக்கு இது பேச்சு! மைல் கணக்குக்கு அந்தப் பக்கம் இன்னொரு யானை உறுமினா, இது காதால மட்டுமில்ல, காலால கேக்கும். பாதத்துல மெத்து மெத்துன்னு கொழுப்பு. அதிர்வு அதுல இறங்கி, கால் எலும்பு வழியா ஏறி ஏறி ஏறி, நேரா உள்காதுக்கு..."

அண்ணி நிற்கவில்லை. சாலையில் இறங்கி நடுவுக்கே போய்விட்டார்.

இடப்பக்கத்திலிருந்து ஒரு தண்ணீர் கேன் வண்டி வந்துகொண்டிருந்தது. வேகம் என்று சொல்ல முடியாது, ஆனால் நிறுத்தக்கூடிய வேகமும் இல்லை. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது. அண்ணியும் திரும்பிப் பார்த்தார், வலப்பக்கம்! அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டு, நிம்மதியாக இன்னொரு அடி எடுத்து வைத்தார்.

நான் கம்பிகளைப் போட்டுவிட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. வண்டி கிறீச்சிட்டுச் சாய்ந்து நின்றது. கேன்கள் உருண்டன. அண்ணி கையிலிருந்த மூட்டை சக்கரத்துக்கு அடியில் போனது. அண்ணி மூட்டைக்கு இந்தப் பக்கம், முழங்கால் சிராய்ந்து, தரையில் உட்கார்ந்திருந்தார்.

ஓட்டுநர் குதித்து இறங்கினார். பயம் எல்லாம் கோபமாக வருகிறது.

"இவ்வளவு ஹாரன் அடிக்கிறேன், காது கேக்காதாம்மா உனக்கு?"

அண்ணி முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்:

"கேக்காதுப்பா. இந்தப் பக்கம் கேக்காது."

அண்ணனைப் பார்க்க வேண்டுமே! யானையின் உள்காதுவரை வந்திருந்த வாய், திறந்தது திறந்தபடியே நின்றது. சுத்தியல் கையிலிருந்து நழுவிக் கால் மேலே விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

பல் மருத்துவரின் வீட்டு வராண்டாவில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அண்ணன் அண்ணிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"என்ன சொன்னே? கேக்காதா? எப்போலேர்ந்து?"

"ஒரு வருஷத்துக்கு மேலயே ஆகுது. முதல்ல மெஷின் சத்தம் ஒரு பக்கமாத் தேய்ஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் சுத்தமா நின்னுபோச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் எந்த விலங்கு நிகழ்ச்சியிலும் பார்த்ததில்லை.

"சொன்னேனே. இடது காது அடைச்சுக்கிட்ட மாதிரி இருக்குன்னு சொன்னேன். ஒட்டகம் மணல் காத்து அடிச்சா மூக்கையே அடைச்சுக்கும், தெரியுமான்னீங்க. அப்புறம் ஒரு நாள், டாக்டர்கிட்ட காட்டலாமான்னு கேட்டேன். திமிங்கிலத்துக்கு வெளியில காதே கிடையாது, ஆனா கடலுக்கு அந்தக் கோடி வரைக்கும் கேக்கும்னீங்க. சரி, நமக்கும் போகப் போக அப்படி ஆகும்போலன்னு விட்டுட்டேன்."

"அப்போ... நான் தினமும் பக்கத்துல உக்காந்து..."

"இந்தக் காது முழுக்க மெஷின் சத்தம். நீங்க அந்தப் பக்கம்தானே உக்காருவீங்க."

அண்ணி தம்ளரில் மீதியிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார்.

அண்ணன் மெதுவாகத் தலையைத் தூக்கினார். ஏதோ ஒரு புதுப் பீதி முகத்தில் பரவியது.

"ஏய்... புதுக் கிளைக்கு என்னைப் பொறுப்பாளராப் போகச் சொன்னாங்களே, வேண்டாம்னு சொல்லிடட்டுமான்னு உன்கிட்ட கேட்டேனே. நீ ம்ம்னு சொன்னதாலதானே வேண்டாம்னேன்!"

"எந்தக் கிளை?"

அந்தக் கிளை, அண்ணியின் தங்கை வாழ்க்கைப்பட்டிருக்கும் ஊரில் இருந்தது. தங்கையோடு ஒரே ஊரில் இருக்க வேண்டும் என்று அண்ணி எத்தனை வருஷமாக ஆசைப்பட்டாரோ! அதைத் தெரிந்துகொண்டபோது மட்டும் அண்ணியின் முகம் சுருங்கியது. எழுந்து, கிழிந்த திரையை மடித்து வைக்கப் போனார். அண்ணன் மறுநாளே முதலாளியிடம் ஓடினார். புதுக் கிளையின் பொறுப்பாளர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் ஒரு வாரம் எங்கள் கடையில் அப்படி ஓர் அமைதி. மோட்டார் கேட்டவருக்கு மோட்டாரை எடுத்துக் கொடுத்தார். வால்வு கேட்டவருக்கு வால்வு. ஒருவர், ஏற்கெனவே அடிபட்டவர் போலிருக்கிறது, ஒட்டகச்சிவிங்கி எப்போது வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னிடம் வந்து கேட்டார். விற்பனை சரிந்தது. முதலாளிக்கே கவலை வந்துவிட்டது.

காது மருத்துவரிடம் போகும்போது என்னையும் கூட வரச்சொன்னார் அண்ணன். "நீ வாப்பா. எனக்குப் பேச்சு வராது" என்றார். அவர் வாயால் அப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

மருத்துவர் சின்ன வயதுப் பெண்மணி. மேஜையில் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பெரிய காது இருந்தது. கவட்டை மாதிரி இருக்கும் ஓர் இரும்புக் கருவியை முழங்கையில் தட்டி, 'நொய்ய்' என்று அது அதிரும்போது அண்ணியின் இடது காதுக்கு வெளியே பிடித்தார்.

"கேக்குதாம்மா?"

"இல்லையே."

மறுபடி தட்டி, இந்த முறை அதன் அடிப்பகுதியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தி வைத்தார்.

அண்ணியின் கண் விரிந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "ஆ... கேக்குது. கேக்குதுங்க!"

"கேக்கும். உள்காது நல்லா இருக்கு. அதிர்வு எலும்பு வழியாப் போய்ச் சேருது. காத்து வழியா வர்ற சத்தம்தான் நடுவுல நிக்குது" என்றார் மருத்துவர்.

எலும்பு வழியாக! அதிர்வு! உள்காது!

நான் அண்ணனைப் பார்த்தேன். வருஷக்கணக்கில், கேட்டவர் கேட்காதவர் எல்லோர் தலையிலும் சம்பந்தமில்லாமல் கொட்டிய மனிதர் அவர். வாழ்க்கையிலேயே முதல்முறையாக, அச்சு அசலாகப் பொருந்துகிற இடத்தில், பொருந்துகிற நேரத்தில், பொருந்துகிற யானை அவர் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. முகம் சிவந்தது. உதடு பிரிந்தது. நான் அவர் காலை மிதிக்கத் தயாரானேன்.

அண்ணன் அண்ணியின் பக்கம் குனிந்தார். இடப்பக்கம் இல்லை, சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய்.

"எப்படிக் கேக்குது?" என்றார்.

அண்ணி கொஞ்சம் யோசித்தார். "எங்கியோ தூரத்துல மணி அடிச்சு, அது ஓயற மாதிரி இருக்கு."

அண்ணன் தலையாட்டினார். அவ்வளவுதான். மேலே ஒன்றும் சொல்லாமல், அண்ணி இன்னும் ஏதாவது சொல்வாரா என்று அப்படியே நின்றார். கல்யாணமான நாளிலிருந்து பேச்சில் அந்த அளவுக்கு ஓர் இடைவெளி அந்த வீட்டில் விழுந்திருக்காது.

அப்போதுதான் மருத்துவர் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்தார். கண்ணில் ஒரு பளபளப்பு. கருவியை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே சொன்னார்:

"இதுல ஒரு வேடிக்கை இருக்கு சார். யானை எப்படிக் கேக்கும், தெரியுமா?"

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த நர்ஸ், கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவருக்கு இது புதிது இல்லை என்று தெரிந்தது. அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி அண்ணனைப் பார்த்தார்.

"தெரியாதுங்க. சொல்லுங்க" என்றார் அண்ணன்.

மருத்துவர் சொன்னார். உட்கார்ந்தபடி சொன்னார், எழுந்து நின்று சொன்னார், யானை போலக் காலைத் தரையில் ஊன்றியும் காட்டினார். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். நடுவில், பாதத்தில் இருப்பது ஒருவித ரப்பர் போன்ற எலும்பு என்று ஒரு பிசகு செய்தார். அண்ணனின் முழங்கால் கடகடவென்று ஆடியது. 'கொழுப்பு! கொழுப்பு!' என்று அவர் உடம்பின் ஒவ்வொரு மயிர்க்காலும் கூவியது எனக்குக் கேட்டது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்படீங்களா? ஆச்சரியமா இருக்கே!" என்றார்.

அண்ணி சிரிக்கத் தொடங்கினார். முதலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. பிறகு அதையும் விட்டுவிட்டு. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தான் யானையை நடித்துக் காட்டிய திறமைக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்து மருத்துவரும் சேர்ந்து சிரித்தார்.

கடைசியில் விஷயத்துக்கு வந்தார். காதுக்குள் மூன்று குட்டி எலும்புகள் உண்டாம். அதில் கடைசி எலும்பு அரிசி மணி அளவுதானாம். நம் உடம்பிலேயே மிகச் சிறியதாம். அது ஆடினால்தான் சத்தம் உள்ளே போகும். அண்ணிக்கு அது அசையாமல் இறுகிப்போயிருக்கிறது. எந்திரம் வைத்துக்கொள்ளலாம், அல்லது அறுவை சிகிச்சை செய்யலாம். ஆபத்து சொற்பம்தான், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்வதற்கில்லை.

"நீ என்ன சொல்றே?" என்று கேட்டார் அண்ணன்.

"ஆபரேஷனே பண்ணிக்கறேன்" என்றார் அண்ணி.

அறுவை சிகிச்சை அன்று காலை அண்ணனும் நானும் அறுவை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் முகம் வெளுத்திருந்தது. பெஞ்சின் மறுகோடியில் இருந்த ஒரு பெரியவர் தோளைக் குறுக்கிக்கொண்டு, "ஏசியை என்னமாப் போட்டு வச்சிருக்கான் பாருங்க, குளிர் தாங்கலே" என்றார். துருவக்கரடி எழுந்து வருவதை நான் கண்ணால் பார்த்தேன். வெள்ளை ரோமத்துக்குக் கீழே அதன் தோல் கன்னங்கரேல் என்று இருக்குமாம். அது அண்ணனின் தொண்டைவரை வந்தது. அண்ணன் அதை விழுங்கினார்.

"உங்களுக்கு யாருக்கு ஆபரேஷன்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். பெரியவர் தன் மகனைப் பற்றிச் சொன்னார். மகனின் தொண்டையைப் பற்றி, அவன் மேடையில் பாடுகிறவன் என்பதைப் பற்றி, மருமகள் கோபித்துக்கொண்டு போய் இந்தச் சேதி கேட்டதும் திரும்பி வந்ததைப் பற்றி. அண்ணன் நடுவில் வாயே திறக்கவில்லை. மனிதர்களுக்குள்ளும் இவ்வளவு இருக்கிறது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். நர்ஸ் வந்து, அண்ணிக்கு நல்லபடியாக முடிந்தது என்று சொன்னபோது, அண்ணன் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார்.

ஆக, அண்ணன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா?

நன்றாகக் கேட்டீர்கள்! கட்டுப் பிரித்து, அண்ணிக்குக் காது தேறிய ஒரு மாதத்திலேயே ஒட்டகச்சிவிங்கி கடைக்குத் திரும்பிவிட்டது. முதலாளி மூச்சு விட்டார். போன வாரம், கால் நரம்பு புடைத்துக்கொண்டு நொண்டி வந்த ஒருவரிடம், ஒட்டகச்சிவிங்கியின் காலில் தோல் இறுக்கமான காலுறை மாதிரி கவ்விப் பிடித்திருப்பதால்தான் அதற்கு இரத்தம் காலில் தேங்குவதில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். வந்தவர் கேட்டது ஒரு வாளி.

ஆனால் வீட்டில் நிலைமை வேறு. அண்ணிக்கு இப்போது இரண்டு பக்கமும் கேட்கிறது. கேட்பதோடு நிற்கவில்லை, திருப்பியும் கேட்கிறார்.

"போன வாரம் அந்த இதயம் பதினோரு கிலோன்னீங்க. இன்னைக்குப் பதிமூணுங்கறீங்க. என்ன, நடுவுல தீனி ஜாஸ்தியா?"

"அது... ஆளுக்கு ஆள் மாறும்."

"சரி, அவ்வளவு பெரிய இதயம் இருக்கே, அது தன் பொண்டாட்டி கூப்பிட்டா திரும்பிப் பாக்குமா?"

"அதைப் பத்தி அவங்க ஒண்ணும் காட்டலே."

"பாத்துச் சொல்லுங்க."

பாவம், பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார். எண்ணிக்கை சரியாக இல்லாமல் இப்போதெல்லாம் எந்த விலங்கும் அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை. "தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் ஒரு கணம் நிறுத்துகிறார். உண்மையாகவே நிறுத்துகிறார். சில நாள் அண்ணி, "தெரியாது, சொல்லுங்க" என்கிறார். சில நாள், "தெரியும், பால் பொங்குது, போய் அடுப்பை அணைங்க" என்கிறார். அண்ணன் போகிறார்.

இவ்வளவு நேரம் பொறுமையாக வாசித்தீர்கள். நல்லவேளை, இப்படி ஒரு ஜீவன் நம் பக்கத்தில் இல்லை என்று உங்களுக்கு ஒரு நிம்மதி. நாம் அப்படி இல்லை என்று அதைவிடப் பெரிய நிம்மதி. நல்லது. புத்தகத்தை மூடுவதற்கு முன் ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். புலி இருக்கிறதே, அதன் ரோமம் முழுவதையும் ஒட்ட மழித்துவிட்டாலும் வரி போகாது. கீழே தோலிலும் அதே வரிகள், அதே இடத்தில் இருக்கும்.

என்ன, நிமிர்ந்துவிட்டீர்கள்? கண் ஏன் அப்படிச் சுற்றுகிறது? இதைப் போய்ச் சொல்ல வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறீர்களா?